வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் தன்னியக்கக் காப்பி எந்திரம்: தேர்வும் பராமரிப்பும்

தன்னியக்கக் காப்பி எந்திரம் என்பது, வறுத்த காப்பிக்கொட்டையை அரைத்தல், தூளை அழுத்துதல், சூடான நீரைச் செலுத்திக் காப்பியை வடித்தல், சக்கையைத் தள்ளுதல் ஆகிய நான்கு வேலைகளையும் ஒரு பொத்தானை அழுத்தியதும் தானே செய்து முடிக்கும் மின்கருவி ஆகும். வீட்டு உபயோகத்துக்கான இவ்வகை எந்திரத்தை 1985-இல் இத்தாலியின் சயேகோ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று டிலாங்கி, பிலிப்ஸ், யூரா முதலிய நிறுவனங்களின் எந்திரங்கள் இந்தியாவில் கிடைக்கின்றன.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழில் வட்டாரத்தில் இந்த எந்திரத்தை வாங்குவோருக்கு, எந்த நிறுவனம், எத்தனை வகைக் காப்பி என்பவற்றைவிட முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது தண்ணீர். இங்குள்ள நிலத்தடி நீர் பல இடங்களில் கடினத்தன்மையும் உப்பும் மிகுந்தது. மென்மையான நீரில் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய எந்திரம், பொருந்தாத நீரில் மிக விரைவில் அடைத்துக்கொள்ளும். ஆகவே இக்கட்டுரை நீரிலிருந்து தொடங்கி எந்திரத்துக்கு வருகிறது.

இயங்கும் முறை

எந்திரத்தின் மேற்பகுதியில் கொட்டைக் கலம் இருக்கும். அதன் அடியில் உள்ள அரைப்பான் ஒவ்வொரு கோப்பைக்கும் ஏறத்தாழ 7 முதல் 12 கிராம் கொட்டையை அரைக்கிறது. தூள், புரூ யூனிட் எனப்படும் வடிக்கும் அலகுக்குள் விழுந்து அழுத்தப்படுகிறது. நீர்த்தொட்டியிலிருந்து பம்பு இழுக்கும் நீர், தெர்மோபிளாக் என்னும் சூடாக்கியின் குறுகிய குழாய் வழியே சென்று 90 முதல் 96 பாகை செல்சியசு வரை சூடேறி, தூளின் ஊடாக அழுத்தத்துடன் பாய்கிறது. பெட்டியில் 15 பார் என்று அச்சிட்டிருப்பது பம்பின் உச்ச அளவு மட்டுமே; எசுபிரெசோ வடிவதற்கு 9 பார் அளவே போதுமானது. அரை நிமிடத்துக்குள் காப்பி கோப்பையில் விழுகிறது. சக்கை ஒரு வில்லையாக உள்ளே இருக்கும் சக்கைப் பெட்டியில் விழுகிறது.

பித்தளை வடிகட்டியில் டிகாக்‌ஷன் இறங்குவது புவியீர்ப்பால். அதில் சூடான நீர் மெல்லச் சொட்டுகிறது. குழாய் இல்லை, பம்பு இல்லை, அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். தன்னியக்க எந்திரத்திலோ அதே படலம், கை நுழையாத சில மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் படிகிறது. அதனால்தான் ஒரே தண்ணீர் வடிகட்டிக்குத் தீங்கின்றியும் எந்திரத்துக்குக் கேடாகவும் அமைகிறது.

வட்டாரத்தின் நீர்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜாப்பேட்டை வழியாக ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றின் அடிநீரும், அதன் இருபுறமும் உள்ள கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளுமே நெடுங்காலமாகக் குடிநீர் தந்துவந்தன. ஆற்றோர மணற்படுகையைத் தாண்டினால் இப்பகுதி கெட்டியான பாறை நிலம். பாறைப் பிளவுகளில் நெடுநாள் தங்கும் நீர் கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்வதால் இயற்கையிலேயே கடினநீராகிறது.

இதன்மேல் தோல் பதனிடும் தொழிலின் தாக்கம் சேர்ந்தது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் உப்பு தூவி வைப்பார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அடுத்து சுண்ணாம்பிலும் சல்பைடிலும் இட்டு மயிர் நீக்குவது. ஆவாரம் பட்டை கொண்டு பதனிடும் பழைய முறையுடன், 1970-களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்ட பின் குரோமிய உப்பு கொண்டு பதனிடும் முறையும் பரவியது. இவை அனைத்தின் கழிவுநீரும் பல்லாண்டுகள் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டதால், குளோரைடும் சல்பேட்டும் சோடியமும் நிலத்தடி நீரில் ஏறின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்ததையும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று. அதன்பின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கட்டுப்பாடு இறுகியது. எனினும், நிலத்துக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு ஓரிரு மழைக்காலங்களில் போய்விடுவதில்லை.

மேட்டூர்ப் பகுதியிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் வேலூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் பல ஊர்களுக்கு நல்ல நீர் கிடைக்கிறது. ஆனால் அது எல்லாத் தெருக்களிலும் எல்லா நாளும் வருவதில்லை. ஒரே வீட்டில் காவிரி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும், கோடையில் லாரித் தண்ணீரும் மாறிமாறித் தொட்டியில் சேர்வது வழக்கம். எந்திரத்தின் நீர் அமைப்பை ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிட முடியாததற்கு இதுவே காரணம்.

நீரை அளத்தல்

மூன்று அளவுகளைப் பிரித்தறிய வேண்டும்.

*மொத்தக் கரைந்த திடப்பொருள்:* டி.டி.எஸ். என்று பரவலாக அழைக்கப்படுவது. நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் கூட்டளவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற அளவியில் இதை உடனே பார்க்கலாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 இதற்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற விரும்பத்தக்க வரம்பையும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2,000 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பையும் வைத்துள்ளது.

*கடினத்தன்மை:* அந்த உப்புகளில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பது. எந்திரத்தில் படிவு உண்டாக்குவது இதுதான். டி.டி.எஸ். அளவி இதைக் காட்டாது. அதற்கு நிறம் மாறும் சோதனைத் தாள் அல்லது சொட்டு மருந்துச் சோதனை வேண்டும். பெரும்பாலான எந்திரங்களின் பெட்டியிலேயே ஒரு சோதனைத் தாள் இருக்கும். ஐ.எஸ். 10500-இன் வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லாதபோது 600.

*குளோரைடு:* சாதாரண உப்பின் ஒரு பாதி. இது படிவதில்லை, ஆனால் துருப்பிடிக்காத எஃகையும் ஊசிமுனை போன்ற குழிகளாக அரிக்கக்கூடியது. ஐ.எஸ். 10500 வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லாதபோது 1,000. குடிப்பவரை மனத்தில் வைத்து வகுத்த இந்த வரம்புக்குள் இருக்கும் நீரும், நாள்தோறும் சூடாகும் உலோகத்துக்கு மிகையாக இருக்கலாம். இதை நீர்ப் பரிசோதனை நிலையத்தில்தான் துல்லியமாக அறிய முடியும்.

எந்திரங்களின் கையேடுகள் கடினத்தன்மையைச் செருமானியப் பாகையில் குறிப்பதுண்டு. ஒரு பாகை என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். செருமனியில் 14 பாகைக்கு மேல், அதாவது சுமார் 250 மில்லிகிராமுக்கு மேல் உள்ள அனைத்தும் கடினநீர் என்ற ஒரே வகையில் அடங்கிவிடும். 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கிணற்று நீர் 22 பாகையைத் தாண்டும். 600 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ 34 பாகை. சோதனைத் தாளில் கடைசி நிறம் தோன்றியதும் எந்திரத்தைக் கடைசி நிலையில் வைத்தால் போதும் என்று எண்ணுவது இங்கே தவறாகிவிடலாம். அந்த நிலை பெரும்பாலும் இவ்வளவு கடினமான நீரை எண்ணி அமைக்கப்பட்டதன்று.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில், எந்திரம் தன்னைத் தானே அலசும் நீரையும் சேர்த்து, நாளொன்றுக்கு 1 லிட்டர் நீர் எந்திரத்தின் வழியே செல்வதாகக் கொள்வோம். 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில், ஆண்டுக்கு 146 கிராம் சுண்ணப் பொருள் குழாய்களைக் கடக்கிறது. 40 மில்லிகிராம் நீரில் அது 15 கிராமுக்கும் குறைவு. கடப்பது முழுவதும் படிந்துவிடாது. ஆனால் படியக்கூடியதன் அளவு பத்து மடங்கு வேறுபடுகிறது.

எந்த நீரை ஊற்றலாம்

காப்பிக்கு ஏற்ற நீர் முற்றிலும் உப்பற்றதும் அன்று, உப்பு மிகுந்ததும் அன்று. சிறப்புக் காப்பிக் கழகத்தின் நீர்த் தர வழிகாட்டி டி.டி.எஸ். அளவை 75 முதல் 250 மில்லிகிராமுக்குள், 150-ஐ ஒட்டி வைத்திருக்கப் பரிந்துரைத்தது. நீரில் பைகார்பனேட்டு மிகுந்தால் அது காப்பியின் இயல்பான புளிப்பை முறித்துச் சுவையை மந்தமாக்கும். தாதுவே இல்லாத நீரில் காப்பியின் சாரம் சரிவர இறங்காது.

வட்டாரத்தில் கிடைக்கும் நீர்வகைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

*ஆழ்துளைக் கிணற்று நீர்:* நேரடியாக ஊற்றவே கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் பாத்திரத்தின் அடியில் படிந்து குறையும். குளோரைடும் சல்பேட்டும் அப்படியே இருக்கும். நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்று கூடவும் செய்யும்.

*மென்னீராக்கி வழி வந்த நீர்:* வீடு முழுமைக்கும் பொருத்தப்படும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. படிவு நிற்கும், ஆனால் டி.டி.எஸ். குறையாது, குளோரைடும் குறையாது. உவர்ப்பு இருந்த நீர் உவர்ப்பாகவே இருக்கும். குளியலறைக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் ஏற்றது, காப்பிக்கு அன்று.

*காவிரிக் கூட்டுக் குடிநீர்:* வீட்டுத் தொட்டியில் கிணற்று நீருடன் கலக்காமல் தனியே பிடித்து வைத்தால் ஏற்றது. கிருமிநீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரின் வாடையைக் கரி வடிகட்டி நீக்கும்.

*ஆர்.ஓ. நீர்:* நன்றாக வேலை செய்யும் வீட்டு ஆர்.ஓ. கருவி கரைந்த உப்புகளில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீக்கும். இந்த வட்டாரத்துக்கு இதுவே பெரும்பாலும் சரியான வழி. கவனிக்க வேண்டியது ஒன்று: டி.டி.எஸ். சரிசெய்யும் திருகு, சுத்திகரிக்காத நீரில் சிறிதைத் திரும்பக் கலப்பதன் மூலம் அளவை உயர்த்துகிறது. அளவியில் 150 என்று காட்டினாலும் அந்த 150-இல் பாதி குளோரைடும் சோடியமுமாக இருக்கலாம். ஆகவே திருகை முழுதும் மூடிவிட்டு, கால்சியமும் மக்னீசியமும் சேர்க்கும் தாதுக் குழலைப் பொருத்துவது மேல்.

*கேன் தண்ணீர்:* 20 லிட்டர் கேன்களில் வருவது பெரும்பாலும் ஆர்.ஓ. நீரே. கேனுக்குக் கேன் அளவு மாறக்கூடும் என்பதால் அவ்வப்போது அளவியால் பார்ப்பது நல்லது. ஆர்.ஓ. கருவி பொருத்தாத வீட்டில், நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு கேன் எந்திரத்துக்கு மூன்று வாரம் போலப் போதும்.

எந்திரத்தின் நீர்த்தொட்டிக்குள் வைக்கும் சிறு வடிகட்டிக் குழல், ஆர்.ஓ. கருவிக்கு மாற்றாகாது. அதன் பிசின் சுண்ணப் பொருளைக் குறைக்கும். குளோரைடு, சோடியம் முதலிய கரைந்த உப்புகளை நீக்குவது அதன் வேலையன்று. அதன் கொள்ளளவும் சிறியது. 10 பாகை நீரில் இரண்டு மாதம் வரும் குழல், 22 பாகை நீரில் ஒரு மாதத்துக்குள் ஓய்ந்துவிடும். காப்பி எந்திரம் குடிநீர்ச் சுத்திகரிப்பானும் அன்று. குடிக்கத் தகாத நீர், எந்திரத்தின் வழியே சூடாகி வந்ததால் குடிக்கத் தக்கதாகிவிடாது. குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கும் ஐயம் உள்ள கிணறுகளின் நீரை முதலில் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

எந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்க வகைகளின் விலையே சில பத்தாயிரம் ரூபாய். உயர்வகைகள் ஒரு லட்சத்தைத் தாண்டும். விலை கூடக் கூடப் பெருகுவது பெரும்பாலும் திரை, பானங்களின் எண்ணிக்கை, பால் நுரைக்கும் வசதி ஆகியவையே. இவ்வட்டாரத்தில் வாங்குவோர் பின்வருவனவற்றை முதலில் பார்க்கலாம்.

*வடிக்கும் அலகு:* டிலாங்கி, பிலிப்ஸ் எந்திரங்களில் இதைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம். யூரா எந்திரங்களில் அது உள்ளேயே நிலையாக இருக்கும். மாத்திரை இட்டு எந்திரமே சுத்தம் செய்துகொள்ளும். முன்னது கைவேலை கேட்கும். ஆனால் அழுக்கைக் கண்ணால் பார்க்கலாம், தேய்ந்த ரப்பர் வளையத்தை வீட்டிலேயே மாற்றலாம். சேவை மையம் தொலைவில் உள்ள ஊர்களுக்கு இது பெரிய நன்மை.

*நீர் அமைப்பு:* கடினத்தன்மை நிலையை மாற்றும் வசதி, படிவு நீக்க நினைவூட்டல், கடையில் எளிதாகக் கிடைக்கும் வடிகட்டிக் குழல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

*பால்:* தமிழ்நாட்டில் காப்பி என்றால் பாலோடு கூடியது. எந்திரத்தின் நுரைப்பான் பாலை 60 முதல் 65 பாகை வரை சூடாக்கும். டவரா டம்ளரில் ஆற்றிக் குடித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சூடு போதாது. எனவே பல வீடுகளுக்கு, எந்திரத்தில் காப்பியை மட்டும் வடித்து, அடுப்பில் காய்ச்சிய பாலைச் சேர்ப்பதே ஒத்துவரும். அப்படியானால் விலையுயர்ந்த பால் அமைப்பு தேவையில்லை. நுரைப்பால் விரும்புவோர், நீண்ட குழாய் இல்லாத, இரண்டாகப் பிரித்துக் கழுவக்கூடிய வகையைத் தேர்வது நல்லது. வேலூர்க் கோடையில் குழாய்க்குள் தங்கிய பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

*மின்சாரம்:* இவ்வெந்திரங்கள் பல 1,500 வாட்டு வரை இழுக்கும். 6 ஆம்பியர் பொருத்துவாயின் தாங்குதிறன் 230 வோல்ட்டில் 1,380 வாட்டு மட்டுமே. ஆகவே 16 ஆம்பியர் பவர் பிளக்கும் சரியான எர்த்தும் வேண்டும். சிறிய வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. தோல், காலணி ஏற்றுமதியால் வெளிநாடு சென்று வருவோர் மிகுந்த ஊர்கள் இவை. அங்கிருந்து எந்திரம் வாங்கி வருவதும் உண்டு. ஐரோப்பிய எந்திரத்தின் மின்னழுத்தம் பொருந்தும், செருகி மாறும். அமெரிக்காவின் 120 வோல்ட் எந்திரம் இங்கே நேரடியாக ஓடாது. இரண்டிலும் இந்திய உத்தரவாதம் செல்லுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

*சேவை:* ஆம்பூரும் வாணியம்பாடியும் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் உள்ளன. வீட்டுக்கு ஆள் வருவாரா, எந்திரத்தை எந்த நகருக்கு அனுப்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பவற்றை வாங்கும் முன் எழுத்தில் பெறுவது நல்லது. சுண்ணப் படிவால் வரும் பழுதைப் பல நிறுவனங்களின் உத்தரவாதம் ஏற்பதில்லை என்பதால், கடினநீர்ப் பகுதியில் இது வெறும் சடங்கான கேள்வியன்று.

காப்பிக்கொட்டை

தமிழ்நாட்டுக் கடைகளில் அரைத்துத் தரும் காப்பித்தூளில் சிக்கரி கலந்திருப்பது வழக்கம். இந்திய உணவுத் தர விதிகளின்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; அதாவது மீதி முழுவதும் சிக்கரியாக இருக்கலாம். சிக்கரி நீரில் எளிதில் கரைந்து பிசுபிசுப்பாவது. கொட்டைக் கலத்திலும் சரி, தூள் போடும் வாயிலும் சரி, அதை இடக் கூடாது. வடிக்கும் அலகின் நுண்சல்லடை அடைபடும். உடனடிக் காப்பித்தூளும் அவ்வாறே.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது சிக்கரி இல்லாத, அரைக்காத, வறுத்த கொட்டை. சிக்கரி தந்த கெட்டித்தன்மையை விரும்புவோர், அராபிக்காவுடன் ரொபஸ்டா கலந்த கொட்டையில் அதற்கு நெருக்கமான கனத்தைப் பெறலாம். பீபெரி எனப்படும் உருண்டை மணிகளும் எந்திரத்தில் அரைபடும். மிகக் கருக வறுத்து எண்ணெய் மின்னும் கொட்டையும், சர்க்கரை சேர்த்து வறுத்ததும், வாசனை எண்ணெய் பூசியதும் அரைப்பானில் ஒட்டிக்கொள்ளும். நடுத்தர வறுவலே நல்லது. அருகிலுள்ள ஏற்காட்டிலும் காப்பி விளைகிறது. கர்நாடகத்தின் குடகு, சிக்மகளூர்க் கொட்டைகள் எங்கும் கிடைக்கும்.

வெயில் காலத்தில் கொட்டைக் கலத்தை நிரப்பி வைத்தால் வாசனை விரைவில் போய்விடும். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் கலத்தில் இட்டு, மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும். அரைப்பளவைச் சரிசெய்யும் திருகை, அரைப்பான் ஓடும்போது மட்டும், ஒவ்வொரு படியாகத் திருப்ப வேண்டும். காப்பி சொட்டுச் சொட்டாக வந்தால் அரைப்பு மிக நுண்மை. நீராக ஓடினால் மிகப் பருமை.

பராமரிப்பு

*நாள்தோறும்:* சக்கைப் பெட்டியையும் சொட்டுத் தட்டையும் காலிசெய்து கழுவ வேண்டும். எந்திரம் மின்னிணைப்பில் இருக்கும்போதே சக்கையைக் கொட்டினால்தான் பல எந்திரங்களில் உள்ளிருக்கும் எண்ணி மீண்டும் தொடங்கும். தொட்டியின் பழைய நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும். பால் பட்ட பகுதிகளைப் பயன்படுத்திய உடனே கழுவ வேண்டும். சக்கையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், செடிகளுக்கு இடலாம்.

*வாரந்தோறும்:* எந்திரத்தை அணைத்து, வடிக்கும் அலகைக் கழற்றி வெதுவெதுப்பான ஓடும் நீரில் கழுவ வேண்டும். சோப்பு கூடாது, அதன் மசகு போய்விடும். அலகு இருந்த இடத்தில் சிதறிய தூளைத் துடைத்து, நன்கு காய்ந்த பின் பொருத்த வேண்டும். இதே நேரத்தில் எந்திரத்தின் பின்புறத்தையும் பார்க்கலாம். வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள இடத்தைக் கரப்பான்பூச்சி தேடி வரும்.

*மாதந்தோறும்:* கொட்டைக் கலத்தில் ஒட்டிய எண்ணெயை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கையேடு சொல்லுமாயின், காப்பி எண்ணெய் நீக்கும் மாத்திரை ஒன்றைப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. நீரின் டி.டி.எஸ். அளவைக் குறித்துவைக்க வேண்டும். அது மாதத்துக்கு மாதம் ஏறினால் ஆர்.ஓ. சவ்வு பழுதாகிறது என்று பொருள். உப்பு மிகுந்த நீரில் சவ்வு விரைவில் தேயும்.

*இரண்டு மாதத்துக்கு ஒருமுறை:* கழற்றும் அலகின் நகரும் பகுதிகளுக்கு, உணவுத் தரமுள்ள சிலிக்கோன் மசகைச் சிறிதளவு தடவ வேண்டும். சமையல் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவக் கூடாது.

படிவு நீக்கம்

கடினநீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அமிலம் அதைக் கரைத்துவிடும். டீஸ்கேலிங் எனப்படும் படிவு நீக்கத்தின் அடிப்படை இதுதான். சல்பேட்டால் உண்டாகும் படிவு இதே அமிலத்தில் எளிதில் கரையாது. சல்பேட்டு மிகுந்த நீரை முதலிலேயே தவிர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எந்திரம் நினைவூட்டியவுடன் செய்ய வேண்டும். நினைவூட்டலை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் படிவு இறுகிவிடும். வரிசை வருமாறு:

1. தொட்டியிலிருந்து நீர் வடிகட்டிக் குழலை எடுத்துவிட வேண்டும்.
2. சொட்டுத் தட்டையும் சக்கைப் பெட்டியையும் காலிசெய்ய வேண்டும்.
3. கையேடு சொல்லும் அளவில் படிவு நீக்கியையும் நீரையும் தொட்டியில் ஊற்ற வேண்டும்.
4. குழாயின் கீழ் ஒன்றரை லிட்டர் கொள்ளும் பாத்திரம் வைத்து, எந்திரத்தின் படிவு நீக்கத் திட்டத்தைத் தொடங்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகலாம்.
5. பின்னர் நல்ல நீரால், எந்திரம் கேட்கும் தடவைகள் முழுவதும் அலச வேண்டும்.

இடையில் மின்சாரம் நின்றால் அமிலம் குழாய்க்குள் தங்கிவிடும். மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் இதைத் தொடங்கக் கூடாது. மின்சாரம் திரும்பியதும் அலசும் சுற்றை முழுமையாக முடிக்க வேண்டும். நோன்பு மாதம், திருமணம் போன்று வீட்டில் காப்பி மிகுதியாகச் செலவாகும் காலத்துக்கு முன்பே முடித்துவைப்பது வசதி.

நிறுவனம் பரிந்துரைக்கும் நீக்கியையே பயன்படுத்துவது பாதுகாப்பானது. வினிகர் ரப்பர் வளையங்களைக் கெடுக்கக்கூடும்; அதன் வாடையும் எளிதில் போகாது. எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம், சூட்டில் கால்சியத்துடன் சேர்ந்து வேறொரு கரையாப் படிவை உண்டாக்கலாம். உப்புக்கறை நீக்க இப்பகுதி வீடுகளில் குளியலறைக்கு ஊற்றும் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் எந்திரத்துக்குள் ஊற்றக் கூடாது. அது உலோகத்தை அரிக்கும். மிச்சம் குடிப்பவரின் வயிற்றுக்குப் போகும்.

நீரின் மூலம் மாறும்போதெல்லாம், குறிப்பாக ஏப்பிரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர் வரத் தொடங்கும்போது, சோதனைத் தாளால் மீண்டும் பார்த்து எந்திரத்தின் நீர் நிலையை மாற்ற வேண்டும்.

பொதுவான கோளாறுகள்

- காப்பி மெல்ல வருதல்: அரைப்பு மிக நுண்மை, அல்லது சல்லடையில் அடைப்பு, அல்லது சுண்ணப் படிவு. அரைப்பைப் பருமையாக்கியும் வெந்நீர்க் குழாயிலும் நீர் மெல்லவே வந்தால் காரணம் படிவு.
- காப்பி போதிய சூடின்றி வருதல்: கோப்பை குளிர்ந்திருக்கலாம், முதலில் வெந்நீர் விட்டுப் பார்க்க வேண்டும். தொடர்ந்தால் சூடாக்கியில் படிவு இருக்கலாம்.
- காப்பியில் உவர்ப்பு: எந்திரத்தின் குறை அன்று, ஆர்.ஓ. சவ்வு அல்லது கலப்புத் திருகைப் பார்க்க வேண்டும்.
- சக்கை வில்லையாகாமல் சேறாதல்: தூள் அளவு குறைவு, அல்லது கொட்டை மிகப் பழையது, அல்லது அலகின் ரப்பர் வளையம் தேய்ந்தது.
- புளித்த வாடை: பால் பகுதியிலோ சக்கைப் பெட்டியிலோ பூஞ்சை. ஊருக்குச் செல்லும் முன் எல்லாவற்றையும் காலிசெய்து, காயவைத்து, திறந்து வைக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்

நாளுக்கு ஐந்தாறு கோப்பைக்கு மேல் செலவாகும் வீட்டுக்கும், வெவ்வேறு நேரத்தில் பணிக்குச் செல்வோர் உள்ள வீட்டுக்கும் தன்னியக்க எந்திரம் பயன் தரும். காலையும் மாலையும் ஒருமுறை டிகாக்‌ஷன் போடும் வீட்டுக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் வடிகட்டியும், புதிதாக அரைக்க ஒரு சிறிய கிரைண்டரும் போதும். இந்த நீரில் அவை கேட்கும் பராமரிப்பும் குறைவு.

எந்திரம் வாங்க முடிவு செய்தவர்கள், நீர்ச் சோதனை, ஆர்.ஓ. கருவி, ஆண்டுச் சவ்வு மாற்றம், படிவு நீக்கி ஆகியவற்றின் செலவை எந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஓரிரு லிட்டரோ அதற்கு மேலோ வெளியேற்றும். அதை வாளியில் பிடித்துத் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம்; உப்பு மிகுந்திருப்பதால் செடிகளுக்கு ஊற்றலாகாது. நல்ல நீரை உறுதிசெய்துகொண்ட வீட்டில் நடுத்தர விலை எந்திரமும் நெடுநாள் உழைக்கும். அது இல்லாத வீட்டில் விலையுயர்ந்த எந்திரமும் சேவை மையத்துக்கும் வீட்டுக்குமாக அலையும்.